அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பு: நான்கு பிளேட்டின் கணக்கு

புத்தக ரேப்பர் (மேலட்டை) திரையில் பளிச்சென்று இருக்கிறது. அச்சாகி வந்தால் நீலம் ஊதாவாக மாறியிருக்கிறது, பின்னட்டைக் குறிப்பில் வெள்ளை எழுத்துகளின் புள்ளிகள் அடைந்துபோயிருக்கின்றன, ஓரத்தில் நூலிழை அகலத்துக்கு வெள்ளைக் கோடு தெரிகிறது. உடனே அச்சகத்தைக் குறை சொல்கிறோம். ஆனால் இந்த மூன்றும் பெரும்பாலும் கோப்பிலேயே இருந்த குறைகள்.

ஆஃப்செட் இயந்திரத்துக்குப் படம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அலுமினிய பிளேட்டுகள்தான். பிளேட்டின் ஒரு புள்ளியில் மை ஒட்டும், அல்லது ஒட்டாது. பாதி ஒட்டுவது என்ற பேச்சே இல்லை. வெளிர்நிறம் என்று நாம் பார்ப்பது, மை ஒட்டிய சிறு புள்ளிகளும் அவற்றைச் சுற்றியுள்ள வெள்ளைத் தாளும் சேர்ந்து கண்ணுக்குக் காட்டும் தோற்றம். அதனால் வடிவமைக்கும்போது ஒவ்வொரு பொருளைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது எந்தெந்த பிளேட்டில், எத்தனை சதவீதம் விழும்?’ என்பதுதான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். டெமி 1/8 அளவில் 208 பக்கத் தமிழ்ப் புத்தகம். ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் 16 பக்கத் தொகுப்பை ஒரு ஃபாரமாக எண்ணினால் சரியாக 13 ஃபாரம். உள்பக்கம் மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாளில் ஒற்றைக் கறுப்பு. ரேப்பர் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு என்ற பூச்சுள்ள வழவழப்பான அட்டையில் நான்கு வண்ணம், மேலே மேட் லேமினேஷன், முதுகில் பசையிட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்.

முதுகின் கனம்

புத்தகத்தின் வெட்டிய அளவு 5.5 × 8.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 140 × 216 மி.மீ. ரேப்பர் என்பது முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் சேர்ந்த ஒரே பக்கம். முதுகின் அகலத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. 208 பக்கம் என்றால் 104 தாள். ஒரு தாளின் தடிமன் 0.09 மி.மீ. என்றால் முதுகு 9.4 மி.மீ. அதே ஜிஎஸ்எம்மில் பல்க் (உப்பல்) அதிகமான தாள், தடிமன் 0.12 மி.மீ. என்றால் 12.5 மி.மீ. ஜிஎஸ்எம் என்பது எடை, தடிமன் அல்ல. ஆகவே அச்சகத்திடம் ‘எத்தனை ஜிஎஸ்எம்?’ என்று மட்டும் கேட்காமல் தாளின் தடிமனையும் கேட்டு வாங்க வேண்டும்.

தாள் கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் வேறு தாளுக்கு மாறுவது நம் ஊரில் அடிக்கடி நடப்பது. அப்போது மூன்று மில்லிமீட்டர் இடம் மாறி, முதுகில் இருக்க வேண்டிய நிறப்பட்டை முன்னட்டைக்கு வந்து நிற்கும். முன்னட்டையின் நிறத்தையே முதுகைத் தாண்டிப் பின்னட்டை வரை ஓடவிட்டால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகு யார் கண்ணிலும் படாது. முதுகுக்கென்று தனி நிறம் வைத்து, மடிப்புக் கோட்டில் கூர்மையான எல்லை போடும் வடிவமைப்பை மெலிந்த புத்தகங்களுக்குத் தவிர்ப்பதே நல்லது.

இனி பிளீட். வெட்டும் இடத்துக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மி.மீ. நிறமோ படமோ நீள வேண்டும். பைண்டிங் முடிந்த புத்தகங்களைக் கட்டாக அடுக்கி மூன்று பக்கமும் வெட்டும்போது கத்திக்கு அடியில் தாள் சற்று நகரத்தான் செய்யும். பிளீட் இல்லாவிட்டால் அந்த நகர்வுதான் வெள்ளைக் கோடாகத் தெரியும். உள்பக்கம் நோக்கியும் 5 மி.மீ. வரை முக்கியமான எழுத்து எதுவும் வரக் கூடாது. ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போடுவதும் ஆபத்து. ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும்.

நம் ரேப்பரின் மொத்தக் கணக்கு: அகலம் 140 + 9.4 + 140 + 6 = 295.4 மி.மீ., உயரம் 216 + 6 = 222 மி.மீ. 300 பிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம், இது 3489 × 2622 பிக்சல்.

ஏன் 300?

‘300 டிபிஐயில் கொடுங்கள்’ என்று எல்லோரும் சொல்வார்கள். பிபிஐயைத்தான் பேச்சில் அப்படிச் சொல்கிறோம். எதற்கு என்று தெரிந்தால்தான் எங்கே தளர்த்தலாம், எங்கே கூடாது என்று புரியும். ஆர்ட் தாளில் வழக்கமாக அங்குலத்துக்கு 150 முதல் 175 வரிப் புள்ளிகள் கொண்ட ஸ்கிரீனில் (படத்தை அச்சுப் புள்ளிகளாகப் பிரிக்கும் வலையில்) அச்சடிக்கிறார்கள். ஒரு ஸ்கிரீன் புள்ளிக்கு இரண்டு பிக்சல் கிடைத்தால் விவரம் குறையாது. 150 × 2 = 300. நியூஸ்பிரிண்டில் ஸ்கிரீன் 100 வரி அளவிலேயே நின்றுவிடுவதால் அங்கே 200 பிபிஐ போதும். தூரத்திலிருந்து பார்க்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கு 72 பிபிஐ கூடத் தாராளம்.

இந்த எண் இறுதி அளவில் இருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து, 72 என்று இருந்த இடத்தில் 300 என்று தட்டிச் சேமித்தால் பிக்சல் எண்ணிக்கையை மென்பொருள் ஊதிக் காட்டுமே தவிர, இல்லாத விவரம் வராது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளவாக்கில் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை ரேப்பரின் 222 மி.மீ. உயரத்துக்கு இழுத்தால் 183 பிபிஐதான் கிடைக்கும். போதாக்குறைக்கு ஜேபெக் சுருக்கத்தில் முகத்தின் தோல் கட்டம் கட்டமாகச் சிதைந்திருக்கும். ஆசிரியர் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் மூலக்கோப்பு அப்படியே வந்து சேரும்.

எழுத்துக்கு 300 போதாது. நம்மிடையே மிகப் பரவலாக உள்ள பிழை இதுதான்: முழு ரேப்பரையும் ஃபோட்டோஷாப்பில் செய்து, தலைப்பையும் பின்னட்டைக் குறிப்பையும் படத்தோடு படமாகக் கலந்து, ஜேபெக்காக அனுப்புவது. கணினியிலிருந்து நேராக பிளேட் எடுக்கும் சிடிபி கருவி அங்குலத்துக்கு 2400 புள்ளி அளவில் வேலை செய்கிறது. எழுத்து வெக்டராக, அதாவது பிக்சலாக இல்லாமல் கோட்டு வடிவமாகவே போனால் அந்த 2400 கூர்மையும் அதற்குக் கிடைக்கும். படமாகிவிட்ட எழுத்துக்கு 300தான். விளிம்பில் இருக்கும் சாம்பல் பிக்சல்கள் ஸ்கிரீன் புள்ளிகளாக மாறி, எழுத்தின் ஓரம் அரித்தாற்போலத் தெரியும். பின்னணிப் படத்தை மட்டும் ஃபோட்டோஷாப்பில் முடித்து, எழுத்தை இன்டிசைனிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ கோரல்டிராவிலோ வைப்பதுதான் முறை. முடியாவிட்டால் எழுத்து அடுக்குகளைக் கலக்காமல் ஃபோட்டோஷாப் பிடிஎஃப்பாகச் சேமிக்கலாம்.

கோட்டோவியம், பழைய கையெழுத்துப் பிரதி, முத்திரை போன்றவற்றை ஸ்கேன் செய்யும்போது 1200 பிபிஐயில், சாம்பல் இல்லாத வெறும் கறுப்பு-வெள்ளை டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டால் கோடு கோடாகவே அச்சாகும்.

நிறம் எங்கே தொலைகிறது

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது. திரையின் பளீர் பச்சை, மின்னும் ஆரஞ்சு, அடர்நீலம் ஆகியவற்றுக்கு நான்கு மையில் இணையே கிடையாது. சிக்கல் அதிகம் வருவது நீலத்தில். சியான் 100, மெஜந்தா 100 என்று போட்டால் வருவது கத்தரிப்பூ நிறம். நீலம் நீலமாக இருக்க வேண்டுமென்றால் மெஜந்தா, சியானைவிட 30 சதவீதமாவது குறைவாக இருக்கட்டும். குங்குமச் சிவப்பு மெஜந்தா 100, மஞ்சள் 100இல் நன்றாகவே வரும். மஞ்சள்கிழங்கு நிறத்துக்கு மஞ்சள் 100உடன் மெஜந்தா 20 அளவில் சேர்த்தால் போதும்.

திரையின் ஆர்ஜிபியிலிருந்து (சிவப்பு, பச்சை, நீலம்) நான்கு மையின் சிஎம்ஒய்கேக்கு மாற்றும்போது எந்தத் தாளுக்கு என்று ஐசிசி புரொஃபைல் என்ற நிற விவரக் கோப்பு சொல்கிறது. வட அமெரிக்க அமைப்போடு நிறுவிய ஃபோட்டோஷாப், கேட்காமலேயே அமெரிக்க வெப் ஆஃப்செட்டுக்கான (உருளையாகச் சுற்றிய தாளில் அச்சடிப்பது) ஸ்வாப் புரொஃபைலை எடுத்துக்கொள்ளும். தனித்தனித் தாளாக ஓடும் ஷீட் இயந்திரத்தில் ஆர்ட் கார்டு அச்சடிக்கும் நமக்கு அது பொருந்தாது. அச்சகம் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் ஆர்ட் தாளுக்கு ஃபோக்ரா 39 புரொஃபைல் நம்பி எடுக்கக்கூடிய தேர்வு. மாற்றுவதை ஒரே ஒருமுறை, கடைசியில் செய்யுங்கள். ஆர்ஜிபி மூலக்கோப்பைத் தனியாகப் பாதுகாத்து வையுங்கள். ஒருமுறை சிஎம்ஒய்கேக்குப் போன படத்தைத் திரும்ப ஆர்ஜிபி ஆக்கினால் இழந்த நிறம் மீளாது.

இன்னொன்று, ரேப்பர்கள் பெரும்பாலும் தனியாக அச்சாவதில்லை. நாலைந்து புத்தகங்களின் ரேப்பரை ஒரே ஷீட்டில் சேர்த்து அடிப்பார்கள். உங்கள் அட்டைக்கு நேர் மேலேயோ கீழேயோ இருக்கும் அட்டைக்குச் சிவப்பு கூட்டினால், அதே வரிசையில் உங்களுடையதிலும் கூடும். சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து செய்த சாம்பலும் பழுப்பும் இதில் முதலில் அடிபடும். சாம்பல் வேண்டுமானால் கறுப்பு மையை மட்டும் வைத்துச் செய்யுங்கள். அது எந்தப் பக்கமும் சாயாது.

கறுப்பு ஒன்றல்ல

ஆர்ஜிபியில் கறுப்பு என்றால் மூன்று சுழியம். அதை மாற்றினால் என்ன ஆகிறது பாருங்கள். ஸ்வாப் புரொஃபைலில் அது சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆகிறது. கூட்டினால் 300 சதவீத மை. வேர்டில் தட்டச்சிட்டு அப்படியே பிடிஎஃப் ஆக்கிய புத்தகங்களில் உள்பக்க எழுத்து முழுவதும் இந்தக் கதிக்கு ஆளாகலாம். நான்கு வண்ணத்தில் அச்சடித்தால் நான்கு பிளேட்டும் தலைமுடி அளவும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். 0.1 மி.மீ. தள்ளிப்போனாலே எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழலாடும். ஒற்றை வண்ணத்தில் கறுப்பு பிளேட்டை மட்டும் எடுத்தாலோ, எழுத்து 90 சதவீதம்தான். 100 இல்லாத எதுவும் ஸ்கிரீன் புள்ளியாகத்தான் பிளேட்டில் ஏறும். அதனால் 10 பாயின்ட் எழுத்தெல்லாம் ரம்பப் பல் போட்ட விளிம்போடு வரும். படிப்பவருக்குக் காரணம் தெரியாது, கண் மட்டும் களைத்துவிடும். உள்பக்க எழுத்து கறுப்பு 100, மற்ற மூன்றும் 0. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ரேப்பரில் பெரிய கறுப்புப் பரப்பு இருந்தால் கதை வேறு. வெறும் கறுப்பு 100 ஆர்ட் கார்டில் சாம்பல் பூத்தாற்போல வெளுத்துத் தெரியும். அங்கே சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்ற கலவை ஆழம் தரும். மொத்தம் 240 சதவீதம். ஆர்ட் தாள் 300 முதல் 330 வரை தாங்கும், நியூஸ்பிரிண்டுக்கு 240 மேல்வரம்பு. அதைத் தாண்டினால் மை காயாமல், அடுக்கிய ஷீட்டின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்வாட்ச் பட்டியலில் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று ஒரு கறுப்பு இருக்கும். அது நான்கிலும் 100, மொத்தம் 400. வெட்டுக்குறிக்காக வைத்திருப்பது அது. பின்னணிக்குப் போட்டால் ஷீட்டே நனைந்துபோகும்.

ஓவர்பிரிண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பு எழுத்து, அடியில் உள்ள நிறத்தைக் குடையாமல் அதன் மேலேயே விழ வேண்டும், அதற்குத்தான் ஓவர்பிரிண்ட். கறுப்பாக இருந்த தலைப்பைப் பிறகு வெள்ளையாக மாற்றுகிறோம், ஓவர்பிரிண்ட் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளை என்பது மை இல்லாத இடம். மை இல்லாததை மேலே அச்சடித்தால் எதுவும் விழாது. திரையில் இருந்த தலைப்பு அச்சில் காணாமலே போய்விடும்.

புள்ளி அடையாமல், கொம்பு பிரியாமல்

மை தாளில் விழுந்ததும் பரவும். 50 சதவீதமாகப் போட்டது ஆர்ட் தாளிலேயே 63, 64 போலத் தெரியும். மேப்லித்தோவில் இன்னும் அதிகம். உள்பக்கப் புகைப்படங்கள் இருண்டு வருவது இதனால்தான். அவற்றைக் கிரேஸ்கேலுக்கு மாற்றி, நடுத்தர நிழல்களைச் சற்று வெளுப்பாக்கி, மிக இருண்ட இடம் 90 சதவீதத்தைத் தாண்டாமல் வைக்க வேண்டும்.

எழுத்தில் இந்தப் பரவலைத் தமிழ் ஒரு தனி விதத்தில் அனுபவிக்கிறது. இருண்ட பின்னணியில் 9 பாயின்ட் வெள்ளை எழுத்தைப் பாருங்கள். ‘க்’ மேல் இருக்கும் புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒரு வெள்ளைப் பொட்டு. நான்கு பக்கத்திலிருந்தும் மை அதை நோக்கிப் பரவுகிறது. பின்னணி நான்கு மைக் கலவையாக இருந்தால் ஒரு பிளேட் சற்று நகர்ந்தாலும் அந்தப் பொட்டுக்குள் வேறு நிறம் புகுந்துவிடும். புள்ளி அடைந்தால் ‘க்’ ‘க’ ஆகிவிடும்; வாசிப்பே பிழைத்துவிடும். ண, ன, ணை, னை ஆகியவற்றின் சுழிகளும் இப்படித்தான் அடையும். ஆகவே வெள்ளை எழுத்துக்கு 11 பாயின்டுக்குக் குறையாத, சற்றுத் தடித்த எழுத்துரு. தடித்தது என்றாலும் சுழி நெருங்கிய கனமான போல்டு வேண்டாம். சின்ன எழுத்துக்கு அடியில் ஒன்றோ இரண்டோ மைதான் இருக்கட்டும்.

யூனிகோட் தமிழ் உடைவது வேறு சங்கதி. இன்டிசைனில் இயல்பாக இருக்கும் பத்தி அமைப்பியில் ‘கொ’ சரியாகக் கோக்கப்படாமல் ஒற்றைக்கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிவட்டத்தோடு தனியே தொங்கும். பாராகிராஃப் மெனுவில் ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தால் சரியாகும். ஒவ்வொரு பத்தியிலும் மாற்றாமல் அடிப்படை பாராகிராஃப் ஸ்டைலிலேயே வைத்துவிடுங்கள். பத்தியை இரு ஓரமும் சீராக்கும்போது எழுத்திடைவெளி 0இலேயே நிற்கட்டும். அதைத் தளர்த்தினால் கொம்பும் காலும் எழுத்திலிருந்து பிரிந்து நடக்கத் தொடங்கும்.

தமிழக அரசு 2010இலேயே யூனிகோடையும் டேஸ்-16 என்ற அனைத்துத் தமிழ் எழுத்துக் குறியீட்டையும் ஏற்றுவிட்டது. ஆனாலும் பாமினி போன்ற பழைய குறியீட்டில் தட்டச்சிட்ட கோப்புகள் டிடிபி மையங்களில் இன்றும் புழங்குகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றினால் தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. துணைக்காலின் மேல் புள்ளி வைத்து ‘ர்’ என்று தட்டச்சிட்டிருந்தால், மாற்றியபின் அது காலாகவே நின்று புள்ளி தனியே விழும். ‘ஔ’ என்பது ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்த ‘ஒள’ ஆகியிருக்கும். இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாகியிருக்கும். மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாக மாறியிருக்கும்.

சேமிப்பது

அச்சுக்கென்றே வரையறுத்த பிடிஎஃப் வகைகள் இருக்கின்றன. அவற்றில் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ எல்லாவற்றையும் சிஎம்ஒய்கே, ஸ்பாட் (தனியாகக் கலந்த மை) நிறங்களாக்கி, ஊடுருவும் நிழல்களைத் தட்டையாக்கி, எழுத்துருக்களை உள்ளே பதித்துவிடும். பழைய ரிப் (பிடிஎஃப்பை பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) வைத்திருக்கும் அச்சகத்துக்கு அதுதான் பத்திரம். எக்ஸ்-4 நிழல்களை அப்படியே உயிரோடு வைத்திருக்கும். புதிய ரிப்புகள் அதை நன்றாகவே கையாளும். எது வேண்டும் என்று அச்சகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்-1ஏ என்றால் எழுத்து அடுக்கை எல்லாவற்றுக்கும் மேலே நகர்த்தியபின் சேமியுங்கள். நிழலுக்கு அடியில் மாட்டிய எழுத்து படமாகிவிடும்.

ஏற்றுமதி செய்யும்போது இரண்டு இடத்தில் தவறு நேரும். ‘ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்’ அமைப்பு படங்களை 100 பிபிஐக்குச் சுருக்கி ஆர்ஜிபி ஆக்கிவிடும். மின்னஞ்சலில் ஆசிரியருக்குக் காட்ட மட்டுமே அது. அடுத்தது, ஆவணத்தில் 3 மி.மீ. பிளீட் வைத்திருந்தாலும், ‘யூஸ் டாக்குமென்ட் பிளீட் செட்டிங்ஸ்’ கட்டத்தில் டிக் போடாவிட்டால் அது பிடிஎஃப்பில் வராது.

எழுத்துகளை கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிக் கொடுக்கலாமா? ரேப்பருக்குக் கொடுக்கலாம், திருத்துவதற்கு மூலக்கோப்பு தனியாக இருந்தால். 208 பக்க உள்பக்கத்துக்கு வேண்டாம். கோப்பு வீங்கும், கடைசி நேரத்தில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. எழுத்துரு முறையாகப் பதிந்த பிடிஎஃப்புக்கு கர்வ்ஸ் தேவையே இல்லை. பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் குழம்பி வருகிறதே என்று சிலர் பயப்படுவார்கள். அச்சுக்குப் போவது எழுத்தின் உருவம். நகலெடுக்கும்போது வருவது அதன் குறியீடு. பின்னது குழம்பினாலும் முன்னது சரியாகவே இருக்கும்.

அனுப்பும் முன்

அக்ரோபேட் புரோவில் அவுட்புட் பிரிவியூவைத் திறந்து பிளேட்டுகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். உள்பக்கத்தில் கறுப்பை அணைத்தால் பக்கம் வெறுமையாக வேண்டும். ஏதாவது மிச்சம் தெரிந்தால் அங்கே நான்கு வண்ணக் கறுப்பு ஒளிந்திருக்கிறது. ரேப்பரில் மொத்த மை அளவை 300 என்று வைத்துப் பாருங்கள். மிஞ்சும் இடங்களை அது நிறமிட்டுக் காட்டும். அக்ரோபேட் ரீடர் மட்டுமே இருந்தால், ப்ரிஃபரன்ஸில் ஓவர்பிரிண்ட் பிரிவியூவை எப்போதும் காட்டும்படி வைத்தாலே காணாமல் போகப்போகிற வெள்ளைத் தலைப்பு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அச்சகம் பக்கங்களை அடுக்கி ரிப் செய்தபின் வரும் பிடிஎஃப்பையும் கேட்டு வாங்க வேண்டும். அதில் முழுப் புத்தகத்தையும் படிக்கத் தேவையில்லை. கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ வரும் நாலைந்து இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபாரத்தின் முதல், கடைசிப் பக்க எண்கள் தொடர்கின்றனவா என்று பாருங்கள். ரேப்பரில் முதுகின் அகலத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். கோப்பின் பெயரிலேயே தேதியையும் முதுகின் மில்லிமீட்டர் அளவையும் எழுதிவிட்டால், தாள் மாறும் நாளில் பிளேட் எடுப்பவரே உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வழி இருக்கும்.